ஒரு பக்கம் கூர்

பதுளைப் பக்கத்துக் கிழங்குகள்,
எண்ணிப் பன்னிரண்டு.
சிங்களப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து
டிக்கெட் ஜன்னலுக்குள் தள்ளினார்
கார்ட் விமலசூரிய.
"கிளடியோலி, மிஸ். குளிரூர்ப் பூ.
உங்கட வெயிலுக்கு நான் பொறுப்பில்லை."
சின்ன வெங்காயத்தை யாரோ
குதிக்காலால் மிதித்த மாதிரி இருந்தது ஒவ்வொன்றும்.

தை பிறந்து வாடை அடங்கிய கிழமை
கிழக்கு வேலியோரம் தோண்டினேன்.
உவர்மலை இது, பேரிலேயே உப்பு.
அலவாங்கு கல்லில் பட்டு
தோள்மூட்டு வரைக்கும் கடுத்தது.
ஆற்றுமணல், மாட்டெரு,
ஒரு சிரட்டை அடுப்புச் சாம்பல்.
உள்ளங்கை ஆழத்தில்
குருத்து மேலே பார்க்க வைத்தேன்.
கிணற்றுத் தண்ணி நாக்கில் கரிக்கும்,
அதனால் குழாய்த் தண்ணி,
குழாய் வராத நாளில்
அரிசி கழுவிய தண்ணி.

பன்னிரண்டில் ஒன்பது முளைத்தது.
மற்ற மூன்றை
மாசி முடியுமட்டும்
தோண்டிப் பார்க்காமலே இருந்தேன்.
இந்த ஊரில் எனக்கு
அதற்குப் பழக்கம் உண்டு.

இலை வந்தது கத்தி கத்தியாக.
இலையில் வெள்ளிக் கீறல் விழுந்தபோது
வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலக்கி
விடிய எழும்பித் துடைத்தேன்,
பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி.
தண்டு சரியாமல் இருக்க
பழைய குடையின் கம்பிகளை நட்டு
நீல யூனிஃபோம் சீலையின் கரையைக் கிழித்துக் கட்டினேன்.

பங்குனியில் மொட்டு.
ஒரு தண்டில் பதினொன்று, பதின்மூன்று,
எல்லாம் ஒரே பக்கம் திரும்பி:
இரவு மெயில் வருகுதா என்று
மேடையில் கழுத்தை நீட்டுகிற சனம்போல.

மறுநாள் காலை எட்டுத் தண்டு இல்லை.

பக்கத்து வளவில் ஜெசீமாவின் ஆடு
அசைபோட்டுக்கொண்டு நின்றது.
எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.
வேலிக்கு மேலால் கத்தினேன்.
அவள் நனைந்த கையோடு வந்தாள்,
பதில் சொல்லவில்லை,
குனிந்து என் பாத்தியிலிருந்து
ஒரு புழுக்கையை ஈர்க்கால் புரட்டினாள்.
"எண்ட ஆட்டுட உருண்டை.
இது பாருங்க, ஒரு பக்கம் கூர்.
இது கோட்டை ஆக்கள்ர வேல."

நான் நம்பவில்லை.

மூன்றாம் இரவு வேலை முடிந்து
மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர
லைட் கம்பத்தின் கீழே
நின்றது ஒரு கலைமான்,
ஊரே தன் பேரில் எழுதியிருப்பதுபோல.
இடக்கொம்பில் என் குடைக்கம்பி.
கம்பியில் நீலக் கரை,
காற்றுக்கு ஆடியது.
என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு
தபால் கந்தோர்ப் பக்கம் போய்விட்டது.

மிஞ்சிய ஒரு தண்டை அறுத்து
போத்தலில் வைத்தேன், டிக்கெட் ஜன்னலில்.
அடிமொட்டு முதலில் விரிந்தது,
பிறகு அதற்கு மேல், பிறகு அதற்கும் மேல்.
கீழே வாடினதைக் கிள்ளக் கிள்ள
மேலே ஒன்று திறக்கும்.
மட்டக்களப்புக்கு எந்த இடத்தில்
ரயில் மாறவேண்டும் என்று கேட்க வந்தவர்
பூவைக் கேட்டுவிட்டுப் போனார்.
"வெள்ளை என்றல்லவா தந்தேன்,"
என்றார் விமலசூரிய.
பூவோ ஈரல் சிவப்பு.
நுனியில் மூன்று மொட்டு
கடைசிவரை வாய் திறக்கவில்லை.

வைகாசியில் கச்சான் அடித்து
மான் விட்டுவைத்த இலைக்கட்டைகள் மஞ்சளாக,
கிளறி எடுத்தேன்.
நான் நட்ட கிழங்கு அடியில்
சப்பிய பாக்காகச் சுருங்கிக் கிடக்க
அதன் தலையில் குந்தியிருந்தது புதியது,
மேய்ச்சல் பட்டதால் சிறிசு.
சுற்றிவர உளுந்தளவில் குஞ்சுகள்.
மண்ணை உதறி நிழலில் காயவைத்து
வெங்காய வலைப்பையில் கட்டும்போது
வேலிக்கு மேலால் ஒரு கை வந்தது.

ஜெசீமா ஆறு கேட்டாள்.
மன்னிப்பு என்ற சொல்லை
எங்கே வைத்தேன் என்று தேடி,
கிடைக்காமல்,
நாலு கொடுத்தேன்.

ஆடு பார்த்துக்கொண்டு நின்றது.